நல்ல ஸ்டேக் கிடைக்கும் இடம்

டிங் என்று ஒன்று. பிறகு க்ரீச் என்று ஒரு மெல்லிய இழுப்பு. பிறகு மறுபடியும் டிங். நான் சிறுமியாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து இப்படி ஒரு ஓசை வரும். பீங்கான் தட்டில் கத்தியும் முள்கரண்டியும் பேசிக்கொள்கிற ஓசை. திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு ஓசையே கிடையாது. வாழை இலை என்ன பேசும்? அப்பா ரசத்தை உறிஞ்சுவது ஒன்றுதான். நான் அந்தச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா எனக்கும் சுவருக்கும் சேர்த்துத் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், தம்பி, மணப்பாறைக்கு முறுக்கு வாங்கவா போகிறீர்கள் என்று கேட்டீர்களே, அதற்காகத்தான். எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். நெற்றியில் திருநீறு, மடியில் பூக்கூடை, இந்த வயது. முறுக்குத்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை. நான் ஸ்டேக் வாங்கப் போகிறேன். மாட்டுக்கறி. வெட்டாமல், முழுசாக, பெருவிரல் பருமனுக்கு ஒரு துண்டு.

நகர்ந்து உட்கார வேண்டாம். எனக்கில்லை. நான் பிறந்ததிலிருந்து சைவம். வெங்காயம் வதக்கினாலே ஜன்னலைத் திறந்துவைக்கிறவள். உங்கள் கையில் இருக்கிற போனில் போட்டுப் பாருங்களேன், நல்ல ஸ்டேக் எங்கே கிடைக்கும் என்று. என் தங்கை பேத்தி போட்டுப் பார்த்தாள். சென்னையில் ஒரு ஹோட்டல், பெங்களூரில் ஒரு ஹோட்டல், பிறகு சம்பந்தமே இல்லாமல் ஒரு மரச்சாமான் கடை. மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பின்னால் இன்னாசி கடை இருக்கிறது என்று அதில் வராது. நான் கண்டுபிடித்தேன். தமிழ் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், தனியாகக் கண்டுபிடித்தேன்.

கல்யாணமா? பண்ணிக்கொள்ளவில்லை. தோன்றவில்லை என்று சொல்லலாம். தோன்றியபோது யாரும் கேட்கவில்லை என்றும் சொல்லலாம். அது இந்தக் கதைக்குத் தேவையில்லாதது.

ஓய்வு பெற்ற பிறகு பொன்மலைப் பக்கமே ஒரு சிறிய வீடு பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டில் மிஸ்டர் டிக்ரூஸ் இருந்தார். நெவில் டிக்ரூஸ். மெயில் வண்டி ஓட்டியவர். மனைவி இறந்துபோய், ஒரே மகள் ஷெரில் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்க, அவரும் ஒரு நாயுமாக இருந்தார். நாய்க்குப் பெயர் கார்டு. ரயில்வே கார்டு. டிரைவர் என்று ஒருத்தன் இருந்தால் பின்னால் ஒரு கார்டு இருக்க வேண்டும் மிஸ், இல்லாவிட்டால் வண்டி கிளம்பாது என்பார்.

என்னை மிஸ் என்றுதான் கூப்பிடுவார். அவர் தமிழ் ஒரு தினுசு. 'நீ உட்காருங்க மிஸ்' என்பார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் தமிழைத் திருத்தியவள் நான். அவர் தமிழைத் திருத்தவில்லை. ஏனோ திருத்தத் தோன்றவில்லை.

சாயங்காலம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருக்கிற மதில் ஓரம் நிற்போம். நான் பழைய பாட்டு ஒன்றைச் சொல்லிப் பொருள் சொல்வேன். 'ரொம்ப சோகம் மிஸ்' என்பார். பிறகு அவர், ஒரு மழைக்காலத்தில் பாலத்தின் மேல் எஞ்சினை நிறுத்தியதைச் சொல்வார். நான் தயிர்சாதம் பிசைந்து மதில் மேல் வைப்பேன். அவர் சமையல் அப்படி. காலையில் ரொட்டியை டீயில் நனைப்பார், ராத்திரி ரொட்டியைச் சூப்பில் நனைப்பார். என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, 'அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் குழைய மிஸ்' என்பார். என் கைப்பக்குவம் அப்படி. மாமிசம் தின்று வளர்ந்த மனிதரையே மயக்கிவிட்டது.

அவ்வளவுதான் பழக்கம். வேறொன்றுமில்லை. நீங்கள் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. கண்டக்டரைப் பார்த்துச் சிரித்தீர்களா, சரி.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஷெரில் அப்பாவை அங்கேயே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் போன். இவருக்குக் காது மந்தம், ஆகவே தெருவுக்கே கேட்கும். அங்கே தோட்டம் இருக்கிறது, கடல் இருக்கிறது, டாடி உங்கள் தொப்பி அளவுக்கு ஸ்டேக் கிடைக்கும் என்றெல்லாம் சொன்னாள். தொப்பி அளவு என்றதும் இவர் பெரிதாகச் சிரித்தார், எப்போதும் போல வாயைக் கையால் மூடிக்கொண்டு. கூச்ச சுபாவம்.

அன்று சாயங்காலம் மதிலோரம் வந்து நின்றார். பிறகு, "அங்கே ஸ்டேக் தொப்பி சைஸ் இருக்காம். இங்கே என்ன இருக்கு? நீ சொல்லுங்க மிஸ்" என்றார்.

வகுப்பில் பதில் தெரியாத கேள்வி வந்தால் நாளைக்குச் சொல்கிறேன் என்பேன். அதையே சொன்னேன்.

"டிக்கெட் ஈஸ்டருக்கு அப்புறம்தான். மெதுவா சொல்லுங்க" என்றார்.

நான் உள்ளே போய் அடுப்பில் பாலை வைத்தேன். பால் பொங்கி, வழிந்து, தீய்ந்து, தீய்ந்த வாசனை பக்கத்து வீட்டுக்குப் போய், 'மிஸ், பால்' என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. யோசித்துக்கொண்டிருந்தேன். கேள்வியைப் பிரித்துப் பார்த்துப் பதில் எழுது என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிரித்துப் பார்த்தேன். அங்கே இருப்பது எது? ஸ்டேக். இங்கே இல்லாதது எது? ஸ்டேக். இதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. இங்கே நல்ல ஸ்டேக் கிடைத்துவிட்டால் மனிதர் எதற்குப் போகிறார்?

முதலில் எங்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற பீஃப் ஸ்டாலுக்குப் போனேன். கடைக்காரன் தாவூத் என்னிடம் படித்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். தொங்கிக்கொண்டிருந்ததையெல்லாம் ஒரு துணியால் மூடினான். 'டீச்சர், காய்கறி அந்தப் பக்கம்' என்றான். காய்கறி வேண்டாம், நல்ல மாட்டுக்கறி வேண்டும் என்றேன். கறி வாங்க நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தாவூத் முகம் வெளுத்துவிட்டது. பழைய வீட்டுப்பாடம் ஏதாவது பாக்கி இருக்கிறதோ என்று நினைத்திருப்பான்.

கறி வாங்கி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் வெண்டைக்காய் வாங்கியிருக்கிறேன். அதைத்தான் கேட்டேன், இளசா முற்றலா என்று. நுனியை ஒடித்துப் பார்க்கலாமா என்றும் கேட்டேன். அவன் உள்ளேயிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து கட்டையின் மேல் வைத்தான். சிவப்பாக, நீளமாக, ஒழுங்காகத்தான் இருந்தது. இதை அப்படியே கொடு என்று நான் வாயைத் திறப்பதற்குள் தொக், தொக், தொக். நெல்லிக்காய் அளவுக்கு ஆக்கிவிட்டான்.

"ஏன்டா வெட்டினே?"

"எல்லாரும் குழம்புக்குத்தானே டீச்சர் வாங்குவாங்க. கை தானாப் போயிடுது."

இன்னொன்று எடுக்கச் சொன்னேன். வெட்டாதே என்றேன். தலையாட்டினான். தலையாட்டிக்கொண்டே வெட்டினான். மூன்றாவது துண்டை அவன் கட்டையில் வைக்கும்போது கத்தியைக் கீழே வை என்று வகுப்பில் போடுகிற சத்தம் போட்டேன். கத்தியைக் கீழே வைத்தான், கைகட்டி நின்றான், பக்கத்தில் நின்ற அவன் மச்சான் எடுத்து வெட்டிவிட்டான். அந்தத் தெருவில் முழுத் துண்டு என்று ஒன்று கிடையாது, தம்பி. அவர்களுக்கு அப்படி ஒன்றைப் பார்த்தாலே பொறுக்காது. ஓரமாக நின்ற பூனைகளுக்கு அன்று தீபாவளி.

அடுத்து டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை. குளிர்பெட்டியிலிருந்து ஒரு பெண் செங்கல் மாதிரி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மேஜையில் தட்டிப் பார்த்தேன், செங்கல் ஓசைதான் வந்தது. எப்போது வெட்டியது என்று கேட்டேன். அவள் இங்கே வேலைக்குச் சேருவதற்கு முன்னாலேயாம். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் தாவூத்தே மனம் கேட்காமல் வீடு தேடி வந்தான். மணப்பாறையில் இன்னாசி அண்ணன் என்று ஒருவர் இருக்கிறார், கிறிஸ்துமஸுக்கு ஆங்கிலோ இந்தியர்களெல்லாம் முன்பு அவரிடம்தான் வாங்குவார்கள், முழுத் துண்டாகத் தருகிறவர் அவர் ஒருவர்தான் என்றான். சந்தை நாள் புதன்கிழமை. இதே பஸ். இதே கூடை. கவிச்சி வாசனைக்கு என்ன செய்வது என்று யோசித்து, கூடையில் வாழை இலை விரித்து, மேலே இரண்டு முழம் மல்லிகையும் போட்டுக்கொண்டேன்.

இன்னாசி இருக்கிறாரே, அவர் கடைக்காரர் இல்லை, நீதிபதி. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு விசாரித்தார். யாருக்கு என்றார். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றேன். என்ன வயது என்றார். எழுபதைத் தாண்டியவர் என்றேன்.

"பல்லு எப்படி?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு மனிதரைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது? "அவர் மெயில் ஓட்டினவர்" என்றேன்.

"மெயிலைப் பல்லாலயா ஓட்டினாரு? பல்லு இல்லேன்னா கைமா வாங்கிட்டுப் போங்கம்மா. எதுக்கு அண்டர்கட்டு?"

அண்டர்கட் என்றால் முதுகெலும்புக்கு அடியில் இருக்கிற மெத்தென்ற பகுதி. அதுதான் வேண்டும் என்றேன். எடுத்துப் போட்டார். எப்போது வெட்டியது என்று கேட்டேன். நேற்று என்றார். நேற்றையதை எனக்கு எதற்குத் தருகிறீர்கள், இன்றையது கொடுங்கள் என்றேன். இது கீரை இல்லை, ஒரு நாள் தொங்கினால்தான் கறி என்றார். பழையதை விற்க எல்லாக் கடைக்காரர்களும் சொல்கிற சமாதானம் இது. தக்காளிக்காரி இன்னும் நன்றாகச் சொல்வாள். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. இப்படிப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கை பக்கத்திலிருந்த கத்தியைத் தேடுகிறது. முழுத் துண்டாகத் தருகிறவர் என்று பெயர் வாங்கியவர்தான், ஆனாலும் பேச்சு சுவாரஸ்யத்தில் கை பழைய வழிக்குப் போகிறது. கத்தி மேலே போய்விட்டது. சொல்ல நேரமில்லை. நான் என் கையை அதன் மேல் வைத்துவிட்டேன்.

ஆமாம், கறியின் மேல். விரல்களை விரித்து, முழு உள்ளங்கையையும். கத்தி அப்படியே நின்றது. கடை நின்றது. குளிர்ச்சியாக இருந்தது, தம்பி. அவ்வளவுதான். அம்மா ஞாபகம் வந்தது, உடனே போய்விட்டது.

"எடுங்கம்மா கையை. வெட்ட மாட்டேன்" என்றார் இன்னாசி. பிறகு வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவரே தண்ணீர் ஊற்றினார், கை கழுவினேன். துண்டை இலையில் மடித்துக் கூடையில் வைத்துக் கொடுத்தார். 'அந்த மனுஷன் கொடுத்து வச்சவரு' என்று கத்தியைப் பார்த்துச் சொன்னார். கடையில் அப்படிப்பட்ட சரக்கு கிடைப்பது அபூர்வம் போலிருக்கிறது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கூட்டம். என் திருநீற்றையும் மல்லிகையையும் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள். எந்தக் கோயில் அம்மா என்றாள். கோயிலில்லை, ரயில்வே என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

சாயங்காலம் மதில் மேல் கூடையை வைத்தேன். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதைத் தயார் பண்ணிவைத்திருந்தேன். "மிஸ்டர் டிக்ரூஸ், நல்ல ஸ்டேக் மணப்பாறையில் கிடைக்கிறது. புதன்கிழமை தோறும். நானே போய் வாங்கி வருவேன்."

அவர் மல்லிகையை விலக்கினார். இலையைப் பிரித்தார். ஸ்டேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஸ்டேக்கைப் பார்த்தார். தொப்பியை எடுத்து மதில் மேல் வைத்தார். கண் கலங்கியிருந்தது. கவிச்சி நெடி அவருக்கே தாங்கவில்லையோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது.

"வாரா வாரமா மிஸ்?"

"வாரா வாரம்."

"நீ தொட்டு வாங்கினீங்களா?"

"தொட்டுத்தான்."

"அப்போ ஷெரிலுக்குச் சொல்லிடறேன், நான் வரலைன்னு."

பார்த்தீர்களா. நான் சொன்னேனே, கேள்வியைச் சரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உள்ளே போனார். என்னென்னவோ பொரிகிற சத்தம். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். அப்போது வந்தது. டிங். க்ரீச். டிங். அந்த ஓசையை நான் கேட்டு எத்தனை காலம். சுவரில் சாய்ந்து, காதை வைத்து, முடிகிறவரை கேட்டேன். நிதானமாக, சின்னச் சின்னதாக வெட்டிச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. நல்ல வளர்ப்பு.

அதற்குப் பிறகு ஒரு புதன் தவறவில்லை. அவர் போகும்வரை மூன்று வருஷம் மழையிலும் வெயிலிலும் இந்தப் பஸ்தான். புதன்கிழமைகளில் அவருக்கு ஸ்டேக் இருப்பதால் தயிர்சாதம் வேண்டாமே என்று நினைத்தேன். 'கார்டுக்கு அனுப்புங்க மிஸ், அவன் ஏங்கிப் போவான்' என்றார். சரி என்று நாய்க்குக் கொடுத்தனுப்பினேன். கிண்ணம் துடைத்தாற்போலத் திரும்பி வரும். அடுத்த வாரம் 'கார்டுக்கு ஊறுகாய் பிடிக்குது மிஸ், கொஞ்சம் சேர்த்து வைங்க' என்றார். நாய் ஊறுகாய் தின்று நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் ஆங்கிலோ இந்திய வீட்டு நாய், நமக்கென்ன தெரியும் என்று எலுமிச்சை ஊறுகாயும் வைத்தேன். அதற்கு மறு வாரம் கார்டு மோர்மிளகாய் வேண்டாமென்று சொல்லிவிட்டதாம், கடிக்க முடியவில்லையாம்.

கார்டு ஊதிக்கொண்டே போனது. நான்கு காலும் உடம்புக்குள் போய்விட்டது போல இருக்கும். படி ஏற முடியாது, டிக்ரூஸ் பின்னாலிருந்து தள்ளுவார். 'ரிட்டையர்டு கார்டு மிஸ், அப்படித்தான்' என்பார். தயிர்சாதம் அதிகமாகிவிட்டதோ என்று எனக்குக் குற்ற உணர்ச்சி. அளவைக் குறைத்தேன். மறுநாள் டிக்ரூஸ் வாடிப்போய் இருந்தார். நாய் பட்டினி கிடப்பதைப் பார்க்க அவருக்கு மனம் தாளவில்லை. மறுபடி கூட்டிவிட்டேன்.

போன தை மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். நல்ல சாவு என்றார்கள். சாவில் என்ன நல்லது. ஷெரில் வந்தாள். எல்லாம் முடிந்து, சாமான்களை ஒழுங்கு பண்ண நானும் கூட இருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். உள்ளே பல் செட்.

"மம்மி இறந்த வருஷமே டாடிக்கு எல்லாப் பல்லும் எடுத்தாச்சு ஆன்ட்டி. இந்த செட் அவருக்கு சேரவே இல்ல. எதையும் கடிக்க முடியாது. சர்ச்சுக்குப் போறப்பவும், சாயங்காலம் உங்ககூட மதில்கிட்ட பேசறப்பவும் மட்டும்தான் போட்டுக்குவேன்னு சொல்வார்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கார்டு உருண்டு வந்து என் காலடியில் படுத்தது. ஷெரில் அதைப் பார்த்தாள். "இந்த டாக் ஏன் இப்படி ஃபேட் ஆச்சு?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. பட்டென்று விளங்கிற்று. கத்தியும் முள்கரண்டியும் வைத்துச் சின்னச் சின்னதாக வெட்டினாரே, அது நாய்க்கு. கார்டுக்கும் பல் சரியில்லை. நாய்க்கென்று நான் அனுப்பிய தயிர்சாதம் அவருக்கு. ஊறுகாயும் அவருக்கு. அவர் பெர்த்துக்குப் போகாததன் காரணமே அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஷெரிலிடம் சொன்னேன்: "உங்க அப்பாவுக்கு இந்த நாய் மேலே எவ்வளவு பிரியம் பார்த்தியா. இதுக்கு ஸ்டேக் கிடைக்கணும்னுதான் உன்கூட வராமலே இருந்திருக்கார்."

ஷெரில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் அந்தப் பல் டப்பா. பிறகு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

"ஆன்ட்டி, நீங்க நிஜமாவே டீச்சரா?" என்றாள்.

இது என்ன கேள்வி? பென்ஷன் வருகிறதே. துக்கத்தில் ஏதோ கேட்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அவள் ஊருக்குப் போகும்போது எனக்கென்று அந்தப் பீங்கான் தட்டையும் கத்தியையும் முள்கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போனாள். நாயையும்தான். விமானத்தில் எடை அதிகமாகிவிடும் என்றாள். அதனால்தான் இந்தப் பஸ். புதன்கிழமை சாயங்காலம் கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு மூட்டி, வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு வாட்டுகிறேன். இன்னாசிதான் சொல்லிக்கொடுத்தார், எந்தப் பக்கம் எவ்வளவு நேரம் என்று. பிறகு தட்டில் போட்டு வெட்டுகிறேன். கத்தி பிடிக்க முதலில் வரவில்லை, இப்போது வருகிறது. டிங். க்ரீச். டிங். கார்டு காதைத் தூக்கிக்கொண்டு மதில் பக்கம் பார்க்கும். நானும் பார்ப்பேன். பிறகு தயிர்சாதத்தைப் பிசைவேன். இப்போதும் நன்றாகக் குழையத்தான் வருகிறது, எனக்குப் பல்லெல்லாம் இருந்தும்.

இதோ மணப்பாறை வந்துவிட்டது. கூடையைக் கொஞ்சம் பிடியுங்கள், இறங்கிக்கொள்கிறேன். வேண்டுமானால் போனில் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. மாட்டுச் சந்தைக்குப் பின்னால், இன்னாசி கடை, புதன்கிழமை. அண்டர்கட் என்று கேளுங்கள். பேச்சுக் கொடுக்காதீர்கள், வெட்டிவிடுவார்.

மிஸ்டர் டிக்ரூஸ் பெர்த்துக்குப் போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில், ரயில் சத்தம் கேட்கிற ஓரத்தில், மனைவிக்குப் பக்கத்தில் இருக்கிறார்.